ஞாயிற்றுக்கிழமைப் பொன்னையா

எங்கள் சபையில் கீபோர்டு வாசித்த அண்ணனோடு ஷேர் ஆட்டோவில் போவதைவிட நடந்தே போய்விடலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். கேம்ப் ரோடு முனையில் ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிடுவார். "சிக்னல் விழுந்துடுச்சு டீச்சர். முன்னாடி தண்ணி லாரி. ஒழுகுது. பக்கத்துல ஸ்கூட்டர்ல ஒருத்தர், ஹெல்மெட்டை முழங்கைல மாட்டியிருக்கார். முழங்கைக்கு நல்ல பாதுகாப்பு." எனக்கும் கண் இருக்கிறது, அந்தத் தண்ணீர் லாரி எனக்கும் தெரிகிறது என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னதில்லை. காலையில் குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவள், சண்டை போடும் தெம்பை வகுப்புக்கு மிச்சம் பிடித்தாக வேண்டும்.

அவருக்குப் பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் அலுவலக வேலை. அதனால் தாம்பரத்தில் ரயில் ஏறிய பிறகும் எனக்கு விமோசனம் கிடையாது. சானடோரியத்தில் யார் ஏறினார்கள், எந்தக் கூடையில் என்ன பூ, ஏர்ஃபோர்ஸ் விமானம் எந்தப் பக்கம் சாய்ந்து திரும்புகிறது, எல்லாம் வரும். ஆனால் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிக் கேட்டதில்லை. இருப்பதை இருக்கிறபடி சொல்லி, கடைசியில் ஒரு சிட்டிகை உப்புப் போடுவார். அவ்வளவுதான்.

ஆலயத்திலும் அதே கதை. பிரசங்கம் நடக்கும்போது கீபோர்டுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வரும். "ஐயா கைக்குட்டையை எடுத்துட்டார். முடிக்கப்போறார்." ஒரு கல்யாண ஆராதனையில் பக்கத்திலிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். போதகர் மோதிரம் கேட்டார். மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான். அந்த நேரம் பார்த்து ஆலயம் முழுக்க அண்ணனின் குரல்: "கோட்டுல இல்ல. பேன்ட்டுல இல்ல. மாப்பிள்ளைக்கு வேர்க்குது. அதோ, தோழன் சட்டைப் பையில பளபளன்னு தெரியுது." மோதிரம் அங்கேதான் இருந்தது. போதகரே சிரித்துவிட்டார். அண்ணன் மட்டும் முகம் சிவந்து, அடுத்த பாட்டைத் தப்பான ஸ்கேலில் தொடங்கினார்.

இந்த வியாதியின் காரணம் அவர் வீட்டுக்குப் போன அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு முன்னால், பாட்டுத் தாள் வாங்கப் போயிருந்தேன். சேலையூர் ஏரிக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷன். கதவு திறந்திருந்தது. அண்ணன் சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் மனைவி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், எங்கேயோ சுவரைப் பார்த்தபடி. விரல்கள் மட்டும் வெங்காயத்தைத் தேடித் தேடி எடுத்தன.

"மொதல் கட்டம்," என்றார் அண்ணன். "பொன்னையா பூட்டின கதவு முன்னாடி நிக்கிறார். மழை. சட்டைப் பையைக் கவுத்துப் பார்க்கிறார். ஒரு பஸ் டிக்கெட் விழுது. ரெண்டாவது கட்டம். ஜன்னல்லேருந்து குரல்: 'சாவி எங்கே?' அதுக்கு இவர், 'அதான் நானும் யோசிக்கிறேன், நீ எங்க வச்சேன்னு.'"

அக்காவின் விரல்கள் நின்றன. "காக்கா?"

"மூணாவது கட்டத்துல மதில் மேல காக்கா. 'நான் என் வீட்டுக்குக் கதவே வைக்கல. நிம்மதியா நனையுறேன்.'"

அக்கா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். "காக்கா மூஞ்சி எப்படி இருக்கு?"

"கொஞ்சம் கர்வமா," என்றார் அண்ணன், பேப்பரின் மேல் விரலை வைத்தபடி.

அது ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வந்த படக்கதை. 'சாவி எங்கே?' என்று தலைப்பு. பொன்னையா தினமும் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பார். அவர் மனைவியை ஒருநாளும் வரையமாட்டார்கள். ஜன்னலிலிருந்து பேச்சு மட்டும் வரும். உள்ளே இருப்பவள் தாழ்ப்பாளை எடுத்துவிட எவ்வளவு நேரமாகும் என்றெல்லாம் கேட்கக் கூடாது. திறந்துவிட்டால் மறுநாள் படம் ஏது? கடைசிக் கட்டத்தில் காக்கா வந்து ஏதாவது சொல்லும். கல்யாணமான காலத்திலிருந்து அண்ணனும் அக்காவும் சேர்ந்து படித்த படம். சர்க்கரை வியாதி அக்காவின் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்ட பிறகு, அண்ணன் சொல்ல, அக்கா கேட்டார்.

தண்ணீர் லாரி எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டில் இரண்டு பேருக்குச் சேர்த்துப் பார்த்துப் பழகிய மனிதர், வெளியே வந்ததும் அதை நிறுத்தத் தெரியாமல் இருந்திருக்கிறார். மறுநாள் ஷேர் ஆட்டோவில் ஹெல்மெட், பூக்கூடை எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினேன்.

அக்கா ஒரு காலத்தில் எங்கள் பாடகர் குழுவின் முதல் குரல். நான் குழுவில் சேர்ந்த புதிதில் அவர் பக்கத்தில்தான் நிற்பேன். என் குரல் வழி தவறினால் முழங்கையால் ஒரு இடி இடித்து இழுத்து வருவார். கண் மங்கிய பிறகு ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, எல்லோரும் மூன்றாம் சரணம் பாட, அவர் மட்டும் நாலாம் சரணத்தை உரக்க எடுத்துவிட்டார். யாரோ கையைப் பிடித்துப் படியிறக்கி உட்காரவைத்தார்கள். ஆலயம் முழுக்க "ஐயோ பாவம்" என்றது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு அக்கா ஆலயத்துக்கே வரவில்லை. வீட்டிலும் பாடவில்லை என்று அண்ணன் சொன்னார். அவரைக் கூப்பிடாத ஆளில்லை, கேட்காத நாளில்லை.

எங்கள் சபையின் குடும்ப விழாவுக்கு வருஷா வருஷம் ஒரே வேத நாடகம். ஒட்டுத்தாடிகூட அதே ஒட்டுத்தாடி, பசை மட்டும்தான் புதுசு. அந்த வருஷம் கூட்டத்தில் அண்ணன் எழுந்து, "பேப்பர்ல வர்ற படம் ஒண்ணைப் பாட்டு நாடகமாப் போடலாமா?" என்றார்.

"கார்ட்டூனையா? சபையிலயா?" என்றார் எங்கள் பொருளாளர். பேங்க் மேனேஜர், சிரித்து யாரும் பார்த்ததில்லை.

போதகர் யோசித்தார். "ஆலயத்துக்குள்ள வேண்டாம், மண்டபத்துல போடுங்க. முடிக்கும்போது ஒரு ஜெபம் இருக்கட்டும்."

"காக்கா பண்ணும் ஐயா," என்றார் அண்ணன்.

பொன்னையா வேஷம் பொருளாளருக்கே போயிற்று. "நீங்க நடிக்கவே வேணாம் சார், சும்மா நின்னா போதும்" என்று அவர் தொப்பையைப் பார்த்துக்கொண்டே அண்ணன் சொன்னார். எனக்குக் காக்கா. ஏன் என்று கேட்டேன். "எதைப் பார்த்தாலும் ஒரு வார்த்தை சொல்லணும்னு துடிச்சிட்டு, சொல்லாம உக்காந்திருக்கிறவங்க நீங்கதானே டீச்சர்" என்றார். இத்தனை நாள் ஷேர் ஆட்டோவில் என் முகத்தையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஜன்னல் குரலுக்கு மட்டும் யார் பெயரையும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. இந்த நாடகமே அந்த ஜன்னலுக்காகத்தான்.

அக்காவிடம் பேச என்னைத்தான் அனுப்பினார். "ஐயோ பாவம் வாங்கறதுக்கு நான் வரல" என்றார் அக்கா முதலில். ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி, திரை போட்டிருக்கும், யாரும் பார்க்க முடியாது, குரல் மட்டும். வெகுநேரம் வெங்காயச் சருகை ஊதிக்கொண்டிருந்தார்.

"திரையைத் திறக்க மாட்டீங்கதானே?"

"மாட்டோம்கா."

"எந்த ஸ்கேல்ல வச்சிருக்கார் பாட்டை?"

அதுதான் அவர் சம்மதம்.

நான் கணக்கு டீச்சர். அடுத்தவர் சொத்தை எடுத்து ஆடுகிறோமே, ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் சிரித்தார். "'சாவி எங்கே'யா? அது நின்னு பல மாசம் ஆச்சே மேடம். பக்கத்தைக் குறைச்சப்போ எடுத்துட்டாங்க. திங்கள்லேருந்து சனி வரைக்கும் வந்துட்டு இருந்துச்சு. வரைஞ்சவர்கிட்ட நானே சொல்லிடறேன், சந்தோஷப்படுவார். தாராளமாப் போடுங்க."

போனை வைத்தேன். பல மாசமா? அப்படியானால் அன்று பேப்பரின் மேல் விரலை வைத்து அவர் படித்துக் காட்டியது என்ன?

மறுநாள் தாம்பரம் பிளாட்பாரத்தில் கேட்டேன். அண்ணன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிரே நின்ற ரயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"தெரியும் டீச்சர். படம் வராத மொத நாளே, நின்னுடுச்சுன்னு சொல்லிடலாம்னுதான் பேப்பரை விரிச்சேன். அவ வெங்காயத்தைக் கீழ வச்சிட்டு, கையைத் துடைச்சிட்டு, 'ம், மொதல் கட்டம்'னா. என்னத்தச் சொல்றது? மொதல் கட்டத்தை நானே சொன்னேன். அப்புறம் ரெண்டு. அப்புறம் காக்காவும் வந்துடுச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்ணு போனப்பகூட அவ அழல. காலைல அந்தப் படத்துக்காகத்தான் எழுந்து வந்து உக்கார்றா. பொன்னையாவும் போயிட்டார்னா என்ன ஆவாளோ, எனக்குப் பயமா இருக்கு. நாடகத்துக்கு வர்ற இடத்துல யாராவது உளறிடக் கூடாது."

ஆக, அக்காவை வெளியே கொண்டுவரவும் வேண்டும், வெளியே உள்ளது அவர் காதில் விழாமலும் இருக்க வேண்டும். குழுவில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவைத்தேன்.

ஒத்திகை என்றால் அப்படி ஓர் ஒத்திகை. அண்ணனுக்கு ஒரே சட்டம்: கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நாடகம் புரிய வேண்டும். யாராவது ஒருவரை நாற்காலியில் கண்ணை மூடி உட்காரவைப்பார். "இப்ப என்ன நடக்குது?" என்பார். தெரியவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து. பொருளாளர் பையைத் தடவுவது கேட்க வேண்டும் என்று அவர் பையில் புளியங்கொட்டை. நடப்பது கேட்க வேண்டும் என்று மரக்கட்டை வைத்த செருப்பு. "காக்கா பறந்து வந்தா எப்படிக் கேக்கும்?" என்று என்னைப் பார்த்தார். கடைசியில் ஒரு கறுப்புக் குடையைக் கொடுத்து விரித்து விரித்து மடக்கச் சொன்னார். படபடவென்று அசல் இறக்கைச் சத்தம். எனக்கு இரண்டு நாள் தோள்பட்டை வலித்தது.

அக்கா முதல் ஒத்திகைக்கு அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, நேரே ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். தெர்மோகோல் ஜன்னல், பழைய பூப்போட்ட திரை. புளியங்கொட்டை குலுங்கியதும் பாடத் தொடங்கினார்.

காலையிலே கையில் இருந்த சாவி எங்கே?
காபி குடித்த டம்ளர் பக்கம் போச்சோ அங்கே?

நாங்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டோம். குரல் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. இரண்டாம் அடியில் துரு உதிர்ந்துவிட்டது. பொருளாளர் உணர்ச்சிவசப்பட்டு, "என்ன குரல்! நின்னுபோன படத்துக்கு…" என்று ஆரம்பித்தார். நான் பாய்ந்து அவர் காதருகே குடையைப் படபடவென்று அடித்தேன். "இந்த இடத்துல காக்கா வரலியே டீச்சர்?" என்றது ஜன்னல். "பழகிப் பார்க்கிறேன்கா" என்றேன்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பிரியாணி வாசனை சமையல்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்ததால் ஜனங்களும் நல்ல மனநிலையில் இருந்தார்கள். பொருளாளர் வந்து நின்றதுமே சிரிப்பு. புளியங்கொட்டைக்குச் சிரிப்பு. என் குடைக்குக் கைத்தட்டல். ஜன்னலிலிருந்து குரல் வந்ததும் மண்டபம் அமைதியானது. முன்வரிசையில் ஓர் அம்மா, "இது அவங்கதானே?" என்று பக்கத்தில் கேட்டது எனக்குக் கேட்டது. யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை.

கடைசிக் காட்சியில் ஜன்னல் பாடவேண்டியது இரண்டே வரி. பொன்னையாவை மன்னித்துக் கதவைத் திறக்கிற வரி. அண்ணன் முன்னிசை வாசித்து நிறுத்தினார். அக்கா அதே மெட்டில் வேறு எதையோ பாடினார்.

ஆறு நாளும் சாவியை மறந்தீர், போகட்டும்,
ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு லீவாச்சே,
அன்னைக்கும் வந்து வாசலில் நின்னீரே,
அதை எப்படி ஐயா மறந்தீர்?

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகூடப் புருஷனைத் திட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கள் முதல் சனி வரை என்று போனில் சொன்ன குரல் ஞாபகம் வந்தது. அந்தப் பத்திரிகையில் ஞாயிறு அன்று பொன்னையா வரவே மாட்டார். படம் நின்றுபோன பிறகு, எந்த நாளும் விட்டுப்போகக் கூடாது என்ற அவசரத்தில், அண்ணன் ஞாயிற்றுக்கிழமையும் சொல்லியிருக்கிறார். நான் பாட்டுத் தாள் வாங்கப் போனதும் ஒரு ஞாயிறுதான். அக்காவுக்கு முதல் ஞாயிறே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, காக்கா முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

கீபோர்டு நின்றுவிட்டது. சிரிப்பு ஓய்ந்தும் இசை வரவில்லை. நான் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து அக்கா தாழ்ந்த குரலில் கேட்டார்.

"டீச்சர், என்ன ஆச்சு? ஏன் வாசிக்கல?"

அண்ணன் எல்லாவற்றையும் அக்காவுக்குச் சொன்னவர். இதை மட்டும் அவரால் சொல்ல முடியாது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"கையை மடியில வச்சிட்டு உக்காந்திருக்கார்கா. கண்ணாடியைக் கழட்டிட்டார். அழறார். சிரிக்கவும் செய்றார்."

"மூஞ்சி எப்படி இருக்கு?"

"மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

அக்கா திரைக்குள்ளே சிரித்தார். பிறகு வாத்தியம் இல்லாமலே அந்த மன்னிப்பு வரியை எடுத்தார். இரண்டாம் அடியில் கீபோர்டு வந்து சேர்ந்துகொண்டது, ஸ்கேல் தப்பாக. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பாட்டு முடிந்ததும் திரையை விலக்கியது நாங்கள் இல்லை. அக்காவே தடவிப் பிடித்து ஒதுக்கினார்.

பிரியாணி சாப்பிடும்போது அக்காவிடம் கேட்டேன், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று. "சொன்னா நிறுத்திடுவார். பேப்பர்ல வந்தது இதைவிட நல்லாத்தான் இருக்கும், அது வேற விஷயம். ஆனா அது ஊருக்கே வந்த பொன்னையா. இது எனக்கு மட்டும் வந்தவர். அதுலயும் ஞாயித்துக்கிழமைப் பொன்னையாவைக் கொண்டுவந்ததே இவர்தான்." எலும்பை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே சொன்னார்.

மறு வாரம் அக்கா பாடகர் குழுவில் பழைய இடத்துக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு வரியையும் அரை நொடி முன்னால் கீபோர்டிலிருந்து ஒரு மெல்லிய குரல் சொல்லிக்கொடுக்கும். என் விலாவுக்கும் பழையபடி இடி விழுந்தது. பொன்னையாவும் வாரம் ஏழு நாளும் வந்துகொண்டிருந்தார்.

போன மழைக்காலத்தில் அண்ணன் போய்விட்டார். காலையில் பேப்பரை எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. நல்ல மனுஷர், நல்ல சாவு என்றெல்லாம் சொன்னார்கள். எனக்கு அந்த வார்த்தைகள் பிடிக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. அந்த அமைதியை நான் எத்தனை நாள் வேண்டியிருக்கிறேன்! இப்போது அது சகிக்கவில்லை.

ஞாயிறுதோறும் அக்காவை ஆட்டோவில் ஆலயத்துக்கு அழைத்துப்போவது நான்தான். முதல் சில வாரங்கள் இருவருக்கும் பேச்சே வரவில்லை. போன ஞாயிறு, கேம்ப் ரோடு திரும்பும்போது அக்காவே ஆரம்பித்தார்.

"இன்னைக்குப் படம் நான் சொல்றேன், கேக்கறியா?"

"சொல்லுங்கக்கா."

"மொதல் கட்டம். பொன்னையா இன்னைக்குச் சாவியைத் தொலைக்கல. கதவைத் திறந்துட்டு உள்ள போயிட்டார். ரெண்டாவது கட்டம். பொண்டாட்டி வெளிய நிக்கிறா. இத்தனை வருஷத்துல இப்பத்தான் அவளை வரைஞ்சிருக்காங்க. கதவு மூடியிருக்கு. ஜன்னல்லேருந்து சத்தமே இல்ல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மூணாவது கட்டம்?"

"காக்கா மதில்லேருந்து இறங்கி வந்து அவ பக்கத்துல உக்காந்திருக்கு."

"என்ன சொல்லுது?"

"அதை நீதானே சொல்லணும்," என்றார் அக்கா.

ஆட்டோ நின்றது. கண்ணீர் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

"சிக்னல் விழுந்துடுச்சுக்கா. முன்னாடி தண்ணி லாரி."

"ஒழுகுதா?"

"ஒழுகுதுக்கா," என்றேன்.